கிரிப்டோ வதந்திகளைச் சமூகச் செய்தித் தளங்கள் வெளியிடலாமா?

கேள்வி: நாங்கள் சில பேர் சேர்ந்து, யாருக்கும் சம்பளம் இல்லாமல், ஒரு செய்தித் தளம் நடத்துகிறோம். வாசகர்களே எழுதுகிறார்கள், வாசகர்களே திருத்துகிறார்கள். கிரிப்டோ பகுதிக்கு வருவதில் பெரும்பாலானவை உறுதியாகாத தகவல்கள். மேலே "உறுதிப்படுத்தப்படாதது" என்று குறிப்பிட்டுவிட்டு அவற்றைப் போடலாமா? நாங்கள் போடாவிட்டாலும் வேறு யாராவது போடத்தானே போகிறார்கள்?

பதில்:

போடக்கூடாது என்பதுதான் என் கருத்து. ஆனால் ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தால், "அப்போ 2022-ல் திவாலான எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் (வாங்கி விற்கும் சந்தை) விஷயத்தில் வதந்தி என்று சொன்னது உண்மையாகத்தானே முடிந்தது?" என்று யாராவது நியாயமாகவே கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2023 அக்டோபர் 16 அன்று நடந்ததிலிருந்து தொடங்குவோம். பிட்காயினை நேரடியாக வைத்திருக்கும் இடிஎஃப் (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கக்கூடிய நிதி) ஒன்றுக்கு அமெரிக்காவின் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான எஸ்இசி அனுமதி தருமா என்று கிரிப்டோ உலகமே காத்துக்கிடந்த சமயம் அது. காயின்டெலிகிராஃப் என்ற கிரிப்டோ செய்தி நிறுவனம், பிளாக்ராக் என்ற பெரிய முதலீட்டு நிறுவனத்தின் இடிஎஃபுக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று தன் எக்ஸ் கணக்கில் பதிவு போட்டது. 28,000 டாலர் வாக்கில் இருந்த பிட்காயின் சில நிமிடங்களில் 30,000-ஐ நெருங்கியது. அப்படி எந்த அனுமதியும் வரவில்லை என்று பிளாக்ராக் சொன்னதும், ஏறிய வேகத்திலேயே இறங்கியது. என்ன நடந்தது என்று அந்த நிறுவனமே பிறகு விசாரித்து வெளியிட்டது. டெலிகிராமில் வந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்; நிதிச் சந்தைக்காரர்கள் செய்தி பார்க்கும் ப்ளூம்பெர்க் டெர்மினலில் எடுத்தது என்று சொல்லப்பட்டது. சமூக ஊடகப் பிரிவில் இருந்தவர், ஆசிரியரின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அதைப் பதிவாக்கிவிட்டார். சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழு இருக்கும் இடத்திலேயே இந்தக் கதி.

அன்றைக்குப் பணம் போனது எப்படி என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். என் பதில் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது.

ஒருவர் பிட்காயின் இறங்கும் என்று கணித்து, 28,000 டாலரில் 20 மடங்கு லெவரேஜில் ஷார்ட் எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஷார்ட் என்றால் கடனாக வாங்கி விற்றுவிட்டு, விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுப்பது; லெவரேஜ் என்றால் கைப்பணத்தைப் போல் அத்தனை மடங்குக்கு வியாபாரம் செய்வது. கையிலிருந்து போட்டது 1,000 டாலர், வியாபாரம் 20,000 டாலருக்கு. விலை 5 சதவீதம் ஏறினால் அவர் போட்ட 1,000 டாலரும் காலி. உண்மையில் அதுவரைகூடப் போகாது. 29,400-ஐத் தொடுவதற்குச் சற்று முன்பே எக்ஸ்சேஞ்சின் கணினி அவருடைய பொசிஷனைத் தானாகவே மூடிவிடும். இதைத்தான் லிக்விடேஷன் என்கிறார்கள். யாரும் போன் போட்டுக் கேட்க மாட்டார்கள். மூடப்படும் ஒவ்வொரு ஷார்ட்டும் சந்தையில் ஒரு கட்டாயக் கொள்முதல் என்பதால் விலை இன்னும் மேலே போகும், அடுத்த ஷார்ட் மூடும், அப்புறம் அதற்கு அடுத்தது. இதைப் பார்த்துவிட்டு "செய்தி வந்தாச்சு, ஏறுது" என்று 29,800-ல் வாங்கியவர் இன்னொரு பக்கம்.

கால் மணி, அரை மணி நேரத்தில் மறுப்பு வருகிறது. விலை 28,000 பக்கம் திரும்புகிறது. ஷார்ட் எடுத்தவரின் கணிப்பு அப்போது ஒன்றும் தப்பில்லை, ஆனால் அவருடைய 1,000 டாலர் போய்விட்டது. உச்சத்தில் வாங்கியவரின் பணத்திலும் ஒரு பகுதி போய்விட்டது. மறுப்பு விலையைத் திருப்பிக் கொண்டுவரும், பணத்தைக் கொண்டுவராது.

மற்ற வதந்திகளிலிருந்து கிரிப்டோ வதந்தி வேறுபடும் இடம் இதுதான். ஒரு நடிகர் இன்னொரு படத்தில் நடிக்கப்போகிறார் என்று தப்பாக எழுதினால், மறுநாள் "அப்படி இல்லையாம்" என்று போட்டுக்கொள்ளலாம். படித்தவர் முன்பு இருந்த இடத்திலேயே இருப்பார். பங்குச் சந்தையிலாவது ஒரு பங்கைப் பற்றிப் புரளி கிளம்பினால் வர்த்தகத்தைச் சற்று நேரம் நிறுத்திவைத்து நிறுவனத்திடம் விளக்கம் கேட்க வழி இருக்கிறது. மாலையில் சந்தை மூடும், மூச்சு விடலாம். கிரிப்டோவுக்கு இரவும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, எல்லா எக்ஸ்சேஞ்சையும் ஒருசேர நிறுத்திவைக்கும் அதிகாரம் உள்ளவரும் கிடையாது. எழுதிவிட்டு அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்ற, இணையத்தில் நாம் பழகிப்போன வழக்கம் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

சரி, லேபிள் விஷயத்துக்கு வருவோம். காயின்டெலிகிராஃபும் அன்று பதிவைப் போட்ட பிறகு "சொல்லப்படுகிறது" என்று பொருள்படும் ஒரு சொல்லை அதில் செருகியது; அதற்கப்புறம்தான் பதிவையே நீக்கியது. செருகியதால் ஒரு பயனும் இல்லை. முதல் காரணம், தலைப்புகளைப் படித்து நொடியில் வாங்கி விற்கும் மென்பொருள்களுக்கு உங்கள் அடைப்புக்குறி எச்சரிக்கை ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது, உங்கள் தலைப்பை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுப்பார்கள். லேபிள் இருக்கும் மேல் ஓரத்தை வெட்டிவிட்டு வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் போடுவார்கள். நாலு கை மாறுவதற்குள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்து, "இன்ன தளத்திலேயே வந்துவிட்டது" என்று ஆகிவிடும். லேபிள் காப்பாற்றுவது எழுதியவரின் மனசாட்சியை மட்டும்தான். அதைக்கூட முழுதாகக் காப்பாற்றுகிறதா என்று எனக்குச் சந்தேகம்.

மேலே சொன்னது பிட்காயின், பெரிய சந்தை. யாரும் கேள்விப்படாத குட்டிக் காயின்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே வாங்குவோரும் விற்போரும் குறைவு என்பதால் சில ஆயிரம் டாலர் கொள்முதலே விலையை இரட்டிப்பாக்கிவிடும். பம்ப் அண்ட் டம்ப் கும்பல்கள் வேலை பார்ப்பது இங்கேதான். முதலில் சத்தமில்லாமல் வாங்கிச் சேர்ப்பார்கள். வாங்குவது எளிது, விற்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம். கையில் உள்ளதை மொத்தமாகக் கொட்டினால் விலை பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் தாங்கள் விற்கும்போது வாங்க ஆள் வேண்டும். "ஒரு பெரிய எக்ஸ்சேஞ்ச் இந்தக் காயினைப் பட்டியலிடப் போகிறதாம்", "ஒரு பெரிய நிறுவனத்தோடு ஒப்பந்தமாம்" என்ற வதந்தி எதற்கு என்றால், அந்த ஆட்களைக் கூட்டிவரத்தான். தன்னார்வலர் தளம் ஒன்றில் அது செய்தியாக வருவதைவிட அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? விளம்பரம் என்றால் வாசகன் உஷாராவான். நம்பிக்கையான இடத்தில் செய்தியாக வந்தால் உஷாராக மாட்டான். உங்களுக்கு ஒரு பைசா வராமலே அவர்களுடைய விற்பனைப் பிரிவாக ஆகிவிடுவீர்கள்.

"இரண்டு இடத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் போடுகிறோம்" என்று சிலர் சொல்வதுண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த இரண்டும் உண்மையிலேயே இரண்டா என்று பார்க்க வேண்டும். 2021 செப்டம்பர் 13 அன்று, வால்மார்ட் லைட்காயின் என்ற கிரிப்டோ காசில் பணம் வாங்கப் போகிறது என்று ஒரு பத்திரிகை அறிக்கை வெளிவந்தது. வந்தது குளோப்நியூஸ்வயர் என்ற முறையான அறிக்கை விநியோகச் சேவையில். அதை வைத்துப் பெரிய செய்தி நிறுவனங்களே எழுதிவிட்டன. லைட்காயின் அறக்கட்டளையின் சரிபார்க்கப்பட்ட ட்விட்டர் கணக்கும் பகிர்ந்தது. லைட்காயின் விலை 30 சதவீதத்துக்கு மேல் எகிறியது. அறிக்கையே போலி. வெளியே இருந்து பார்த்தவருக்கு மூன்று நான்கு ஆதாரங்கள் இருப்பது போலத் தெரிந்தது. ஊற்று ஒன்றே ஒன்றுதான். அறக்கட்டளையே பகிர்ந்துவிட்டதே என்று நினைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளிமையானது: வால்மார்ட்டின் சொந்தத் தளத்தில் இது இருக்கிறதா?

சொந்தத் தளம், அதிகாரபூர்வக் கணக்கு என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது என்பது அடுத்த சிக்கல். 2024 ஜனவரி 9 அன்று எஸ்இசியின் எக்ஸ் கணக்கிலேயே, பிட்காயின் இடிஎஃப்களுக்கு அனுமதி அளிக்கப்பட்டது என்று பதிவு வந்தது. கணக்கோடு இணைந்த போன் எண்ணை சிம் மாற்று மோசடியில் கைப்பற்றி, யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள். கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பும் போட்டிருக்கவில்லை. கால் மணி நேர அளவில் எஸ்இசியின் அப்போதைய தலைவர் கேரி ஜென்ஸ்லர் மறுத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், மறுநாளே உண்மையான அனுமதி வந்துவிட்டது. ஆக, "செய்தி கடைசியில் உண்மைதானே" என்று சொல்லிக்கொள்ளலாம். நடுவில் அந்தக் கால் மணி நேரத்தில் வாங்கி விற்றவருக்கு அந்த ஆறுதல் எதற்கு உதவும்? எஸ்இசி ஓர் உத்தரவு போட்டால் அந்த உத்தரவு ஆவணமாக அதன் இணையதளத்தில் இருக்கும். அன்று பதிவு இருந்தது, ஆவணம் இல்லை. அதைப் போய்ப் பார்க்கும் வேலை இரண்டு நிமிடம்.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். 2023 நவம்பரில், டெலவேர் மாகாணத்தின் நிறுவனப் பதிவுத் தளத்தில் பிளாக்ராக்கின் பெயரில், எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ காசுக்கான முதலீட்டு டிரஸ்ட் ஒன்று (இடிஎஃப் தொடங்குவதற்கு முதல் படி) பதிவாகியிருந்தது. அரசுத் தளம், பதிவு எண் எல்லாம் சரி. எக்ஸ்ஆர்பி 12 சதவீத அளவுக்கு ஏறியது. பதிவு செய்தது பிளாக்ராக் இல்லை. யாரோ அதன் பெயரைப் போட்டுப் பதிவு செய்திருந்தார்கள். இதில் கற்றுக்கொள்ள வேண்டியது "அரசுத் தளத்தை நம்பாதே" என்பதல்ல. அந்தப் பதிவு எதை நிரூபிக்கிறது என்று கேட்க வேண்டும். யாரோ ஒருவர் ஒரு படிவத்தைத் தாக்கல் செய்தார் என்பதை மட்டும்தான் அது நிரூபித்தது. "பிளாக்ராக் தாக்கல் செய்தது" என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது.

இப்போது எதிர்ப்பக்க வாதம். "நெருப்பில்லாமல் புகையுமா? எல்லாவற்றையும் உறுதிப்படுத்திய பிறகுதான் எழுதுவேன் என்று உட்கார்ந்திருந்தால், மோசடிக்காரனுக்குத்தானே வசதி?" இது சாதாரண வாதமில்லை. கிரிப்டோவில் இதற்குக் கனமான சாட்சிகள் இருக்கின்றன.

2022 ஜூன் 11 அன்று, மக்களின் கிரிப்டோவை வாங்கி வட்டி தந்துகொண்டிருந்த செல்சியஸ் நிறுவனத்தின் தலைவர் அலெக்ஸ் மஷின்ஸ்கி, பணம் எடுப்பதில் சிக்கல் உள்ள ஒருவரையாவது காட்ட முடியுமா என்று ட்விட்டரில் சவால் விட்டார்; பேசுவதெல்லாம் ஃபட், அதாவது வேண்டுமென்றே பயத்தைக் கிளப்புவது என்றார். மறுநாள் செல்சியஸ் எல்லோருடைய பணத்தையும் முடக்கியது. அடுத்த மாதம் திவால். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று எஃப்டிஎக்ஸை நிறுவிய சாம் பேங்க்மேன்-ஃப்ரைட், போட்டியாளர் ஒருவர் பொய் வதந்திகளைக் கிளப்புகிறார், எஃப்டிஎக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது என்று எழுதினார். நவம்பர் 11 அன்று திவால் மனு. 2024-ல் அவருக்கு 25 ஆண்டுச் சிறை. ஆக, "வதந்தி" என்று சொல்பவர் யார் என்பதைப் பார்க்காமல் அந்தச் சொல்லை மட்டும் கேட்டு வாயை மூடிக்கொண்டால், நாமும் அந்தத் தலைவர்களின் பக்கம் நின்றதாகத்தான் ஆகும்.

ஆனால் எஃப்டிஎக்ஸ் கதையை முழுதாகப் பாருங்கள். அதை உடைத்தது வதந்தி இல்லை. நவம்பர் 2 அன்று காயின்டெஸ்க் என்ற கிரிப்டோ செய்தித் தளம் வெளியிட்ட ஒரு செய்தி. சாமின் இன்னொரு நிறுவனமான அலமேடாவின் நிதிநிலை ஆவணத்தை அவர்கள் கையில் வைத்துப் பார்த்திருந்தார்கள். மொத்தச் சொத்து 1,460 கோடி டாலர் என்று அதில் இருந்தது. அதில் மிகப்பெரிய ஒற்றை இனமே எஃப்டிஎக்ஸ் தானே அச்சடித்த எஃப்டிடி டோக்கன்கள், அதாவது அதன் சொந்தக் கிரிப்டோ காசு. இவ்வளவுதான் எழுதினார்கள். "எஃப்டிஎக்ஸ் திவாலாகப் போகிறது" என்று எழுதவில்லை. கையில் இருந்ததை எழுதினார்கள், இல்லாததை எழுதவில்லை. மீதியை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

புகைக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு எவ்வளவு நம்பகமானது என்பதற்கு அதே மாதத்திலேயே இன்னொரு காட்சி கிடைக்கிறது. கிரிப்டோ.காம் நிறுவனம் அக்டோபரில் 3,20,000 ஈத்தரை (எத்தீரியம் என்ற கிரிப்டோவின் காசு) கேட்.ஐஓ என்ற வேறொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பியிருந்தது, எல்லோரும் பார்க்கக்கூடிய பரிவர்த்தனைப் பதிவேடான பிளாக்செயினில் தெரியவந்தது. எஃப்டிஎக்ஸ் விழுந்த சூட்டில், "அடுத்தது இதுதான், இருப்பைக் காட்டுவதற்காக ஒருவருக்கொருவர் கைமாற்று வாங்குகிறார்கள்" என்ற பேச்சு கிளம்பியது. தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டோம், பணம் திரும்பி வந்துவிட்டது என்று தலைமைச் செயல் அதிகாரி விளக்கினார். பயந்துபோய்ப் பலர் பணத்தை எடுத்தார்கள். நிறுவனம் விழவில்லை. அதே மாதம், அதே அளவு புகை. ஒன்றில் நெருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. புகையை மட்டும் வைத்து எது எது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பரிவர்த்தனை நடந்தது உண்மை. "அடுத்தது இதுதான்" என்பது ஊகம். இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் ஒட்டவைக்கும்போதுதான் வதந்தி பிறக்கிறது.

நடுவில் விழும் ஒரு கேஸும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நேர்மையாகாது. 2014 பிப்ரவரியில் எம்டி காக்ஸ் எக்ஸ்சேஞ்ச் பணம் எடுப்பதை நிறுத்திவைத்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. 24-ம் தேதி ஒரு வலைப்பதிவர், நிறுவனத்தின் உள் ஆவணம் என்று தனக்கு வந்த ஒன்றை வெளியிட்டார். அதில் 7,44,408 பிட்காயின்கள் காணாமல் போய்விட்டதாக இருந்தது. உண்மையான ஆவணம்தான் என்று அப்போது யாரும் உறுதி செய்யவில்லை. நான்கு நாளில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. போனதாக அது சொன்ன கணக்கு சுமார் 8,50,000. அந்த வலைப்பதிவர் செய்தது சரியா? சரி என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அதற்குக் காரணம் கடைசியில் உண்மையாகிப்போனது அல்ல. பணம் எடுக்க முடியாமல் இருந்தது எல்லோரும் சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மை. ஆவணம் முழுதாக வாசகர் முன் வைக்கப்பட்டது. பணம் ஏற்கெனவே முடங்கிக் கிடந்ததால், செய்தி பொய்யாகிப்போனாலும் அந்த வாடிக்கையாளர்களுக்குப் பெரிதாகக் கூடுதல் நஷ்டம் வர வழியில்லை. இந்த மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். "ஒரு நண்பர் சொன்னார்" என்று வரும் தகவலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இருக்காது.

ஆகவே நான் கோடு போடும் இடம், செய்தி உண்மையா பொய்யா என்பதில் இல்லை. அது எழுதும் நேரத்தில் யாருக்கும் தெரியாது. நீங்களே சோதித்துப் பார்த்தது எது, சோதிக்காதது எது என்பதில்தான் கோடு. "இன்ன எக்ஸ்சேஞ்ச் திவால் ஆகப்போகிறதாம்" என்று ஒருவர் அனுப்புகிறார். அதை அப்படியே போடாதீர்கள். அப்படியே குப்பையிலும் போடாதீர்கள். அந்த எக்ஸ்சேஞ்சில் கணக்கு உள்ள மூன்று பேரைச் சிறு தொகை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வருகிறதா, எவ்வளவு நேரம் ஆகிறது, என்ன பிழைச்செய்தி காட்டுகிறது? நிறுவனத்தின் நிலவரப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறார்கள்? கேள்வி அனுப்பி ஒரு நியாயமான நேரம் காத்திருங்கள். அப்புறம் எழுதலாம்: "இன்ன எக்ஸ்சேஞ்சில் இன்று காலை 9 மணியிலிருந்து பணம் எடுக்கும் கோரிக்கைகள் நிலுவையில் நிற்கின்றன, நிறுவனம் பதில் சொல்லவில்லை." இந்த வாக்கியத்தில் திவால் என்ற சொல் இல்லை. ஆனால் உள்ளே பணம் வைத்திருப்பவருக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. உண்மையான மோசடியாக இருந்தால் அவருக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. வெறும் தொழில்நுட்பக் கோளாறாக இருந்தால் நீங்கள் பொய் சொல்லவில்லை.

கிரிப்டோவில் ஒரு வசதி, வேறு எந்தச் சந்தையிலும் இல்லாத அளவுக்குப் பதிவுகள் திறந்தே கிடக்கின்றன. 2017 ஜூனில், எத்தீரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டெரின் விபத்தில் இறந்துவிட்டார் என்று ஃபோர்சான் என்ற இணைய விவாதத் தளத்தில் புரளி கிளம்பியது. ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த ஈத்தர் இன்னும் சரிந்தது. அவர் ஒரு தாளில், அப்போதுதான் உருவான எத்தீரியம் பிளாக்கின் (பதிவேட்டின் புதுப் பக்கம் மாதிரி) எண்ணையும், அதன் ஹாஷையும் (அந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டு வரும் குறியீடு) எழுதிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துப் போட்டார். அந்த ஹாஷ் முன்கூட்டி யாருக்கும் தெரிந்திருக்க முடியாது என்பதால், படம் பழையது என்று யாரும் சொல்ல முடியவில்லை. இவ்வளவு கச்சிதமான மறுப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பதிவைப் பார்ப்பது வேறு, படிக்கத் தெரிவது வேறு. பதிவுகளைத் தேடிப் பார்க்கும் பிளாக் எக்ஸ்புளோரர் தளத்தில், ஒரு பிரபலத்தின் வாலட்டில் (கிரிப்டோ கணக்கில்) புது டோக்கன் இருக்கிறது என்றால் அவர் வாங்கினார் என்று பொருளில்லை. யார் வேண்டுமானாலும் யாருடைய முகவரிக்கும் டோக்கன் அனுப்பலாம், பெறுபவரின் சம்மதம் தேவையில்லை. ஷிபா இனு காயினின் மொத்த எண்ணிக்கையில் பாதியை உருவாக்கியவர்களே விட்டாலிக்கின் முகவரிக்கு அனுப்பிவைத்தார்கள், அவர் கேட்காமலே. அதேபோல ஒரு பெரிய தொகை நகர்ந்தால் விற்கப் போகிறார்கள் என்று பொருளில்லை. 2024 மே மாதம் எம்டி காக்ஸ் சொத்துப் பொறுப்பாளரின் வாலட்களிலிருந்து சுமார் 1,40,000 பிட்காயின்கள் இடம் மாறின. "கொட்டப் போகிறார்கள்" என்று சந்தை பதறியது. பணம் வர வேண்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கான ஏற்பாடு அது. அன்று எதுவும் விற்கப்படவில்லை. "நகர்ந்தது" என்பது வரை எழுதலாம். ஏன் நகர்ந்தது என்பதை நகர்த்தியவர் சொல்ல வேண்டும்.

உங்களைப் போன்ற தளங்களுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். கிரிப்டோ பற்றி ஆர்வமாக எழுத வருபவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கையில் ஏதாவது காயின் வைத்திருப்பவர்கள்தான். அது குற்றமில்லை. ஆனால் புனைபெயரில் எழுதுபவர் எந்தக் காயினை எவ்வளவு வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. சம்பளம் கொடுக்காததால் கேட்கவும் கூச்சப்படுவீர்கள். ரெட்டிட் என்ற விவாதத் தளத்தின் கிரிப்டோ குழுவுக்கு மூன்ஸ் என்ற சொந்த டோக்கனே இருந்தது. 2023 அக்டோபர் 17 அன்று அந்தத் திட்டத்தையே நிறுத்தப்போவதாக ரெட்டிட் அறிவித்ததும் விலை அதலபாதாளத்துக்குப் போனது. அறிவிப்புக்குச் சற்று முன்னால் மாடரேட்டர்கள் சிலர் தங்கள் கையிருப்பை விற்றுவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு, பிளாக்செயின் பதிவுகளையே ஆதாரமாகக் காட்டி எழுந்தது. அறிவிப்பைத் தயார் செய்தவர்கள் வேறு, குழுவைப் பார்த்துக்கொண்டவர்கள் வேறு. சில நிமிடம் முன்னால் தெரிந்தாலே போதும், இப்படி ஒரு கறை ஒட்டிக்கொள்ளும். செய்தியை வெளியிடும் நேரத்தையே தீர்மானிப்பவர்கள் நீங்கள் என்றால் யோசித்துப் பாருங்கள்.

எனவே கூச்சப்படாமல் ஒரு விதி போடுங்கள்: எந்தக் காயினைப் பற்றி எழுதுகிறாரோ, அதைக் கையில் வைத்திருந்தால் கட்டுரையின் மேலேயே சொல்ல வேண்டும். வைத்திருப்பவர் அதே செய்திக்கு ஒப்புதல் கொடுப்பவராக இருக்கக்கூடாது. பிரபலங்களுக்கே இது பொருந்தும். எத்தீரியம்மேக்ஸ் டோக்கனுக்குப் பணம் வாங்கிக்கொண்டுதான் பதிவு போட்டேன் என்பதை முழுதாகச் சொல்லாததற்காக, அமெரிக்க டிவி பிரபலம் கிம் கர்தாஷியன் 2022-ல் எஸ்இசியிடம் 12.6 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டார்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, நாட்டுக்கு நாடு மாறும். ஒன்றை மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் மைக்கா சட்டம், கிரிப்டோ சொத்துகளைப் பற்றி இணையம் உட்பட எந்த ஊடகத்திலும் தவறான சமிக்ஞை தரும் தகவலைப் பரப்புவதைச் சந்தைச் சூழ்ச்சியில் சேர்க்கிறது. வதந்திகளைப் பரப்புவதும் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. அது பொய் என்று தெரிந்திருந்தால் மட்டுமல்ல, தெரிந்திருக்க வேண்டியவர் என்றாலும் பொருந்தும். "எனக்கு உறுதியாகத் தெரியாது" என்று மேலே எழுதிவைப்பது, தெரியாமலே போட்டேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

கடைசியாக, "நாங்கள் போடாவிட்டாலும் வேறு யாராவது போடுவார்கள்." போடுவார்கள்தான். அவர்களோடு வேகத்தில் உங்களால் போட்டி போடவே முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வதந்தி உங்களுக்கு வந்து சேர்வதற்குள் அதைக் கிளப்பியவர் வாங்கி முடித்திருப்பார். மென்பொருள்கள் வாங்கி முடித்திருக்கும். உங்கள் வாசகர் உள்ளே நுழையும்போது விலை உச்சத்தில் நிற்கும். உங்களால் முந்திக்கொடுக்க முடிவது வேறொன்று. வதந்தி ஏற்கெனவே எங்கும் பரவி விலையையும் ஆட்டிவிட்டது என்றால், அப்போது அதைப் பற்றி எழுதுவது தப்பில்லை, எழுதத்தான் வேண்டும். தலைப்பில் மட்டும் வதந்தியை வைக்காதீர்கள், சோதித்ததை வையுங்கள். "எஸ்இசி தளத்தில் அனுமதி உத்தரவு எதுவும் இல்லை, பரவும் ஸ்கிரீன்ஷாட்டின் மூலம் தெரியவில்லை" என்பது போல. அந்தக் காயினை வாங்கும் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்காதீர்கள். தொடர்ந்து ஏதாவது தெரியவந்தால் அதே பக்கத்தில் நேரம் போட்டுச் சேருங்கள். தப்பாகப் போட்டுவிட்டால் சத்தமில்லாமல் நீக்கிவிடாமல், முதலில் என்ன எழுதியிருந்தது, எப்போது மாற்றப்பட்டது என்பதை அங்கேயே விட்டுவையுங்கள்; ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டுத் தேடி வருபவர் வந்து நிற்கப்போவது அந்த முகவரியில்தான்.